ஒன்பது வாளிகளும் ஓர் இருப்பு நிதியும்

"அம்மா, அப்பாகிட்ட அந்த உப்பைக் கேளு."

உப்புச் சாடி அப்பாவின் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கேட்ட மகள் அவருக்கு நேரெதிரே, கை நீட்டினால் மூக்கைத் தொட்டுவிடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவோ அடுப்படியில் இருந்தாள்.

"என்னங்க, உப்பைக் கொஞ்சம் அவ பக்கம் தள்ளுங்க" என்று அடுப்படியிலிருந்து உத்தரவு வந்தது.

அவர் தள்ளினார். "இந்தாம்மா."

"அம்மா, அப்பாவுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லிடு."

"சொல்லியாச்சு!" என்றாள் அம்மா, திரும்பிப் பாராமலே.

மூன்று நாளாக வீட்டில் இந்தத் தபால் போக்குவரத்துதான். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கையெழுத்து.

மகள் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு நர்ஸ். அந்த வார்டில் பன்னிரண்டு கட்டில்கள், ஒன்பது வாளிகள். கட்டில்கள் குழந்தைகளுக்கு, வாளிகள் கூரைக்கு. வருஷா வருஷம் பெரிய டாக்டர் கூரையை மாற்றப் பணம் கேட்டு எழுதுவார். வருஷா வருஷம் நிதித்துறையிலிருந்து பதில் வரும்: 'கேட்ட தொகைக்கு இந்த ஆண்டு வழியில்லை. இருப்பு நிதியைத் தொட விதியில்லை. அன்புகூர்ந்து பொறுத்துக்கொள்ளவும்.' இந்த வருஷம் வந்த பதிலை டாக்டர் வெறுத்துப்போய் அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்துவிட்டார். அதன் அடியிலிருந்த கையெழுத்தை மகள் பார்த்தாள். மதிப்பெண் அட்டையில் பன்னிரண்டு வருஷம் பார்த்துப் பழகிய கையெழுத்து.

"'அன்புகூர்ந்து' நான் சேர்த்ததும்மா. எனக்கு முன்னாடி இருந்தவர் அதுகூடப் போடமாட்டார்" என்று அவர் சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு நின்றதுதான் பேச்சு.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'பார்க்கலாம்'. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான் என்பதால் வந்த பெயர். கெட்ட மனிதர் இல்லை. காலையில் முதல் கோப்பை அவிழ்க்கும் முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடி, 'கடவுளே, இன்னைக்கு என் பேனாவால யாருக்கும் கெடுதல் வரக்கூடாது' என்று வேண்டிக்கொள்வார். அந்த வேண்டுதல் பலிக்க அவர் கண்ட சுலபமான வழி, கூடியவரை எதையும் எழுதாமல் இருப்பது.

அதற்கு ஏற்ற பிரிவைத்தான் கடவுள் கொடுத்திருந்தார். மாநிலத்தின் இருப்பு நிதிப் பிரிவு. ஐந்தாம் மாடிக் கோடியில் ஓர் அறை, இரண்டு மேசை, ஒரு பெரிய ஜன்னல். ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் செலவாகாமல் மிஞ்சுவதை எல்லாம் அந்த நிதியில் சேர்ப்பார்கள். முப்பத்துநாலு வருஷமாகச் சேர்க்கிறார்கள். எடுத்தவர் கிடையாது. அவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. பிற்பகலில் வெயில் மேசைமேல் மஞ்சளாய்ப் படுத்துக்கொள்ளும்போது, ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம் அசையாமல் நிற்கும். அதைப் பார்த்தால் அவருக்கு நம் நிதியே அங்கே நிற்பதுபோல் இருக்கும். பெரிதாய், வெள்ளையாய், யார்மீதும் பெய்யாமல். பார்த்துக்கொண்டே கண் சொருகிவிடும்.

அந்த உறக்கத்தில்தான் இன்டர்காம் மணி அடித்தது.

"செயலாளர் அம்மா சொல்றாங்க" என்றது குரல். "இருப்பு நிதியை வெச்சுக்கலாமா, ஒழிச்சிடலாமான்னு சட்டசபையில கேள்வி. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள ஒரு பக்கக் குறிப்பு வேணும்."

"பார்க்க..."

"பார்க்கலாம் எல்லாம் கிடையாதாம். அதையும் சொல்லச் சொன்னாங்க."

அன்று மாலை அவர் வீட்டில் மெல்லப் பேச்செடுத்தார்.

"வெச்சுக்கணும்ங்க! இதுல கேக்க என்ன இருக்கு?" என்றாள் மனைவி. அவள் ஆற்றங்கரை ஊர்க்காரி. "நான் சின்னப்பிள்ளையா இருக்கறப்ப கரை உடைஞ்சு மூணு நாள் கூரைமேல உக்காந்திருந்தோம். நாலாம் நாள்தான் படகு வந்துச்சு. ஏன்னு கேட்டா, படகுக்குக் காசில்லைன்னாங்க. கையில நாலு காசு இருந்தாத்தான் ஆபத்துல ஆள் வருவான்."

"அம்மா" என்றாள் மகள், "நீ உக்காந்திருந்த கூரை ஒழுகலைல்ல?"

"கூரைமேல உக்காந்திருந்தா எப்படிடீ ஒழுகும்?"

"அதான். மேல இருக்கறவங்களுக்கு ஒழுகறது தெரியாது. இதை அப்பாகிட்டச் சொல்லு."

"என்னங்க, கேட்டுச்சா?"

கேட்டது. இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகவே கேட்டது. அதுதான் அவருடைய வியாதி.

அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேலதிகாரியின் மனம் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் இரண்டு குறிப்பு எழுதி ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தி அனுப்புவார்கள். எது தன் யோசனையோ அதில் மட்டும் ரோஸ் நிறச் சீட்டு ஒட்டவேண்டும். சீட்டு ஒட்டியதில் மேலதிகாரி கையெழுத்துப் போடுவார். மற்றது குப்பைக்கூடைக்குப் போகும்.

அவர் இரண்டு குறிப்பு எழுதினார். வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மனைவியை நினைத்து எழுதினார். ஒழிக்கவேண்டும் என்பதை மகளை நினைத்து எழுதினார். வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அவர் எழுதியதே இல்லை. முதலாவதைப் படித்தால் ஊதாரியும் உண்டியல் வாங்குவான். இரண்டாவதைப் படித்தால் கஞ்சனும் உண்டியலை உடைப்பான்.

தட்டச்சு செய்து கொடுத்தவருக்கு 'கமா' என்று பெயர். மூச்சு விடும் இடமெல்லாம் கமா போடுவார். ஓய்வுபெற இன்னும் மூன்றே மாதம்.

"சார், ரோஸ் சீட்டு, எதுல, ஒட்ட?" பேச்சிலும் அவருக்கு அப்படித்தான்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். மனைவி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் தெரிந்தார்கள். "ரெண்டுலயும் ஒட்டிடுங்க" என்றார். "மேடம் பார்த்து ஒண்ணை எடுத்துக்கட்டும்."

செயலாளர் அம்மாவுக்கு ஒரு நாளைக்கு நானூறு கையெழுத்து. ரோஸ் சீட்டைக் கண்டால் கை தானாகப் போகும். இரண்டிலும் போட்டார். கோப்பு அமைச்சரிடம் போயிற்று.

வியாழன் மாலை அமைச்சர் வியாபாரிகள் கூட்டத்தில் மேலே இருந்த குறிப்பை எடுத்து, "இருப்பு நிதி நம் உயிர்! ஒரு காசு தொட விடமாட்டேன்!" என்று முழங்கினார். பலத்த கைதட்டல். அங்கிருந்து நேராக இளைஞர் கூட்டம். அங்கே கையில் வந்தது கீழே இருந்த குறிப்பு. "உறங்கும் பணத்தால் யாருக்கு லாபம்? ஒழிப்பேன்!" என்றார். இன்னும் பலத்த கைதட்டல். வெள்ளிக்கிழமைப் பத்திரிகை இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டது. அதே சட்டை, அதே ஆள்காட்டி விரல், அதே ஆவேசம்.

செயலாளர் அம்மா கூப்பிட்டனுப்பினார்.

"ரெண்டுல எதுங்க சரி?"

"ரெண்டுமே நல்லா வந்திருக்கு மேடம்."

"அது எனக்கும் தெரியும். நான்தானே ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டிருக்கேன்! இப்ப அமைச்சர் என்ன சொல்லித் தப்பிக்கறது?"

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "ரெண்டு பக்கமும் அமைச்சரே பேசிக் காட்டினதா வெச்சுக்கலாம் மேடம். இனிமே மக்கள்தான் சொல்லணும்னு ஒரு விளம்பரம் கொடுத்துட்டா..."

செயலாளர் அம்மா முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். "பரவாயில்லையே. தூங்கறவருக்கும் மூளை வேலை செய்யுதே."

விளம்பரம் வந்தது: 'இருப்பு நிதியை வைத்துக்கொள்ளலாமா, ஒழிக்கலாமா? மக்கள் கருத்து வரவேற்கப்படுகிறது.'

பத்து நாளில் பதினான்கு மூட்டைக் கடிதம். ஐந்தாம் மாடி அறையில் நடக்க இடமில்லை. மூட்டை ஒன்று ஜன்னலையும் மறைத்தது. மேகம் பாதிதான் தெரிந்தது. கமா கடிதங்களை உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"'ஐயா, எங்கள் தெருப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு போட்டால் என் மாமியார் உட்காருவார்.'"

"வைக்கலாமா, ஒழிக்கலாமான்னு ஏதாவது இருக்கா?"

"அது இல்ல சார். மாமியாரைப் பத்தித்தான், இருக்கு. அடுத்தது. 'ஐயா, எனக்கு ஒரு காது கேட்காது. இன்னொரு காதுக்கு மிஷின் கிடைக்குமா?'"

"ம்."

"'ஐயா, இருப்பு நிதி என்று ஒன்று இருப்பது உங்கள் விளம்பரத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. ரொம்பச் சந்தோஷம். என் பங்கு எப்போது வரும்?'"

அந்தக் கடைசிக் கேள்விக்காரர் தபாலை நம்பாமல் நேரிலேயே வந்துவிட்டார். அவர் பின்னால் இன்னொருவர். திங்கட்கிழமை காலை அலுவலக வாசலில் வரிசை தெருமுனை திரும்பியிருந்தது. வரிசை எதற்கு என்று கேட்டால், "இருப்பைப் பிரிச்சுக் குடுக்கறாங்களாம்" என்றார்கள். தெரியாதவர்களும் நின்றார்கள். வரிசை என்று இருந்தால் எதற்காவது உதவாமலா போகும்?

அவருக்கு மனசு கேட்கவில்லை. வெயிலில் நிற்கிறார்களே என்று கூட்ட அறையிலிருந்த பெஞ்சுகளை எடுத்துவந்து நிழலில் போடச் சொன்னார். பானையில் தண்ணீர் வைத்தார். வயசானவர்கள் முட்டி மோதக்கூடாது என்று ஒரு காகிதத்தைக் கிழித்து எண் எழுதிக் கொடுத்தார்.

"சீட்டே குடுக்கறாங்கடா! அப்ப நிச்சயம்!" என்று வரிசை இரண்டு மடங்கு ஆயிற்று.

மூன்றாம் நாள் அமைச்சரே அவரைக் கூப்பிட்டார். ஜன்னல் திரையை லேசாக விலக்கி வரிசையைக் காட்டினார்.

"ஏய்யா, எனக்கு ஓட்டுப் போட வந்த கூட்டம்கூட இவ்வளவு இல்ல. யாருய்யா பெஞ்சு போட்டது?"

"நான்தான் சார். பாவம், கால் வலிக்குமேன்னு..."

"கால் வலிச்சிருந்தா வீட்டுக்குப் போயிருப்பாங்கய்யா!"

அவர் தலை குனிந்து நின்றார். நிற்கும்போது ஒரு யோசனை வந்தது. அவருடைய யோசனைகள் எல்லாமே தள்ளிப்போடும் யோசனைகள்தான். ஆனால் தள்ளிப்போடுவதில் அவருக்கு ஒரு மேதைமை இருந்தது.

"சார், முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் ஏதோ ஒரு காரணத்துக்குத்தானே இதை ஆரம்பிச்சிருப்பாங்க? அந்தத் தொடக்கக் கோப்பைப் பார்த்து, அதுல என்ன எழுதியிருக்கோ அதுபடி செஞ்சிட்டா, உங்க மேல பழி வராது."

அமைச்சர் முகம் விடிந்தது. அவர் நேராகச் சட்டசபைக்குப் போய், "நம் முன்னோரின் தொலைநோக்கே என் முடிவு!" என்று அறிவித்தார். ஜென்மப் பகையாளியான எதிர்க்கட்சித் தலைவர்கூட எழுந்து, "அவர்கள் எழுதியது எதுவானாலும் ஓர் எழுத்து மாறாமல் நிறைவேற்றவேண்டும்" என்றார். மேசையைத் தட்டி ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கோப்பைப் பிரிப்பது. வாசல் வரிசையும் வெள்ளிக்கிழமை வரலாம் என்று கலைந்தது. முன்னோர்கள் போரை நினைத்து வைத்திருப்பார்கள் என்று ஒரு பத்திரிகை எழுதியது; பஞ்சத்தை நினைத்து என்று இன்னொன்று; வால்நட்சத்திரத்தை நினைத்து என்று மூன்றாவது.

அவர் நிம்மதியாக மூச்சு விட்டு, கோப்பை எடுக்கப் பதிவறைக்கு இறங்கிப் போனார்.

பதிவறை தரைமட்டத்துக்குக் கீழே. மேலே ஒரு சின்னக் கண்ணாடி வழியாக வெளிச்சம் ஒரு கோடாக இறங்கும். அதில் தூசு பொன்துகளாய் மிதக்கும். நாலு பக்கமும் கூரைவரை கட்டுகள். பதிவறை அம்மாவுக்கு ஒவ்வொரு கட்டும் பிள்ளை மாதிரி. கட்டை அவிழ்ப்பதும் கட்டுவதும் அவர் கையால்தான் நடக்கவேண்டும். மந்திரியே வந்தாலும் நாடாவைத் தொடவிடமாட்டார்.

"இருப்பு நிதியா? இதோ" என்று ஒரு கட்டை இறக்கி அவிழ்த்தார். முதல் தாளைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "'தொடக்கக் கோப்பு தனியே' அப்படின்னு போட்டிருக்கு சார்."

"தனியேன்னா எங்கேம்மா?"

"அதைப் போடலை."

"கிடைக்குமா?"

"நாப்பதாயிரம் கட்டு இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ளன்னா, நீங்க சாமியைத்தான் கேக்கணும்."

"சரிம்மா. முடிஞ்சாப் பாருங்க. கண்ணை வருத்திக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் படியேறினார். ஐந்து மாடியும் அன்று ஐம்பதாகத் தெரிந்தன.

விஷயத்தைக் கேட்டுக் கமா கதவைச் சாத்தினார்.

"சார், என் வீட்டுல, பழைய தட்டச்சு மிஷின், இருக்கு. மஞ்சள் ஏறின காகிதம், ஒரு கட்டு, இருக்கு."

"அதுக்கு?"

"நீங்க சொல்லுங்க. முன்னோர், என்ன எழுதணுமோ, நான் அடிச்சுடறேன்."

"கமா!"

"போலி இல்ல சார். அந்த நிதி ஆரம்பிச்ச மறுவருஷம், நான், வேலைல சேந்தேன். ஒரு வருஷ வித்தியாசம், காகிதத்துக்குத் தெரியவா போகுது? நானும், பாதி முன்னோர்தான்."

அவர் சிரிக்கவில்லை. ஏனென்றால் ஆசை வந்துவிட்டது. ஒரு வரி போதும். 'நோயுற்ற பிள்ளைகளுக்குச் செலவிடுக.' சபை ஒருமனதாகச் செய்யும். மகள் பேசுவாள். யாருக்குக் கெடுதல்? ஒருவருக்கும் இல்லை. அவர் ஜன்னலைப் பார்த்தார். மூட்டைக்கு மேலே தெரிந்த பாதி மேகம் கறுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.

குடையை எடுத்துக்கொண்டு அவர் மருத்துவமனைக்குப் போனார். ஒன்பது வருஷமாக அந்தக் கூரையைப்பற்றி எழுதியிருக்கிறார். ஒரு நாளும் அதன் கீழே நின்றதில்லை.

உள்ளே நுழைந்ததும் முதலில் கேட்டது சத்தம்தான். டொக்... டிங்... டொப். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு குரல். நிறைந்தது கனத்த குரலில் பேசியது, காலியானது கீச்சுக்குரலில் பேசியது. சாம்பல் வெளிச்சத்தில் பன்னிரண்டு குழந்தைகள் அதைக் கேட்டுக்கொண்டு, ஏதோ பாட்டுக் கச்சேரிக்கு வந்தவர்கள் மாதிரி படுத்திருந்தார்கள். கனவுக்குள் வந்துவிட்டோமோ என்று அவர் ஒரு கணம் மயங்கினார். பிறகு ஒரு சொட்டு அவர் கழுத்துக்குள் இறங்கியது. கனவு இல்லை.

ஓரக் கட்டிலில் கையில் கட்டுப் போட்ட ஒரு சிறுமி அவரைப் பார்த்தாள். "நீங்கதான் கூரை போட வந்தவரா?"

அவர் வாய் திறந்தது. பழகிய அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"இல்லம்மா" என்றார். "கூரை போடவேண்டாம்னு எழுதினவன்."

சிறுமிக்கு அது ஒரு உத்தியோகமாகவே தோன்றவில்லை. "அப்ப அந்த நீல வாளி நிறைஞ்சிடுச்சு, அதையாவது ஊத்திட்டு வாங்களேன்" என்றாள்.

அவர் ஊற்றிவிட்டு வந்தார். பிறகு சிவப்பு வாளி. பிறகு மூலை வாளி. ஒன்பதாவதை ஊற்றிவிட்டுத் திரும்பினால் முதலாவது நிறைந்திருந்தது. மழை விடும்வரை, ஏறத்தாழ இரண்டு மணி நேரம், சட்டை ஒட்ட ஒட்ட அவர் சுமந்தார். கட்டில்களை இழுத்து இழுத்து இடம் மாற்றிக்கொண்டிருந்த மகள் அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். கடைசியில் சிறுமியிடம், "அந்த மாமாவைத் தலையைத் துவட்டிக்கச் சொல்லு" என்று ஒரு துண்டை நீட்டினாள்.

"மாமா, தலையைத் துவட்டிக்கணுமாம்."

"சரின்னு நர்ஸ்கிட்டச் சொல்லும்மா."

மறுநாள் கமா காகிதக் கட்டோடு வந்தார். அவர் மறுப்பாகத் தலையசைத்தார்.

"வேணாம் கமா. பொய்யைச் சுவரா வெச்சுக் கூரை போட்டா, அது தலைமேலதான் விழும். அதுக்குக் கீழ படுக்கப்போறது குழந்தைங்க."

"அப்ப, வெள்ளிக்கிழமை?"

"உண்மையைச் சொல்லிடறேன். ஒரு குறிப்பு அடிங்க. ஒண்ணே ஒண்ணு."

அவர் சொல்லச்சொல்லக் கமா அடித்தார். 'தொடக்கக் கோப்பு கிடைக்கவில்லை. தேடாமல் வாக்குக் கொடுக்கச் சொன்னது என் தவறு. இருப்பு நிதி இருக்கவேண்டும். ஆனால் ஒழுகும் கூரையின் கீழே பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு, நாளைய மழைக்கென்று சேமிப்பது சேமிப்பாகாது. முதலில் அந்தக் கூரைக்குக் கொடுக்கவேண்டும். ஒன்பது முறை முடியாது என்று எழுதியவன் நான். ஒன்பது முறையும் தவறு.'

"சார்" என்றார் கமா மெதுவாக. "'மேலிடம் முடிவு செய்யலாம்'னு, கடைசியில, போடணுமே?"

"வேணாம்."

"வேலை போயிடும் சார்."

"போகட்டும்" என்றார். அதைச் சொன்னது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. காலையில் செய்த வேண்டுதலையே கண்ணை மூடி மறுபடியும் ஒருதரம் செய்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். மதிப்பெண் அட்டையில் போட்ட அதே கையெழுத்து.

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்கால். அமைச்சர் அறையில் அமைச்சர் இருந்தார், செயலாளர் அம்மா இருந்தார், நடுவில் யாரும் எழுத்தை மாற்றிவிடக்கூடாது என்று எதிர்க்கட்சித் தலைவரும் வந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் வரிசை மறுபடி தெருமுனை திரும்பியிருந்தது.

"எங்கய்யா கோப்பு?"

"கிடைக்கலை சார்."

எதிர்க்கட்சித் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கிடைக்கலையா?" என்றார் எதிர்க்கட்சித் தலைவர் இனிப்பாக. "முன்னோர் கண்ணீரால எழுதினாங்கன்னு நேத்துகூட அமைச்சர் சொன்னாரே? எந்தக் கண்ணாலயோ?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று சீறிவிட்டு அமைச்சர் இவர் பக்கம் திரும்பினார். "மனுஷனாய்யா நீ? ஊரே வாசல்ல நிக்குது!"

"என் கருத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கேன் சார்." காகிதத்தை நீட்டினார்.

செயலாளர் அம்மா வாங்கினார். ரோஸ் சீட்டு இருக்கிறதா என்று பழக்கத்தில் தேடினார். இல்லை. வேறு வழியில்லாமல் படித்தார். பிறகு தன் பேனாவை எடுத்து, "இதுல நானும் கையெழுத்துப் போடறேன் சார்" என்றார். "இந்தத் தடவை படிச்சிட்டுப் போடறேன்."

"உங்க ரெண்டு பேர் கருத்தும் யாருக்கும்மா வேணும்?" அமைச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "முன்னோர் சொன்னதை ஓர் எழுத்து மாறாமச் செய்வோம்னு தீர்மானம் போட்டாச்சு. அவங்க கூரைன்னாங்களா, கோபுரம்னாங்களா, எனக்கு எப்படித் தெரியும்? ஒரு கூரைக்கு நான் குடுத்தா வாசல்ல நிக்கற அத்தனை பேருக்கும் குடுக்கணும். இவர் சும்மா விடுவாரா?"

"விடமாட்டேன்" என்றார் எதிர்க்கட்சித் தலைவர் நேர்மையாக.

"கூரையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நீங்க போய் உங்க மேசையைக் காலி பண்ணுங்க."

அவர் கைகூப்பிவிட்டுத் திரும்பினார். கால் கனக்கவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கதவைத் திறந்தால் எதிரே பதிவறை அம்மா, தலைமுடியெல்லாம் தூசு, மூச்சு வாங்க, குழந்தையை அணைத்த மாதிரி ஒரு கட்டை அணைத்துக்கொண்டு நின்றார்.

"கிடைச்சிடுச்சு சார். மூணு நாளா வீட்டுக்குக்கூடச் சரியாப் போகலை. மத்தவங்க வந்தா உத்தரவு போடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் கண்ணை வருத்திக்காதீங்கன்னு சொன்னீங்க. நிதிக் கட்டுல எல்லாம் தேடித் தேடிப் பார்த்தேன், இல்ல. கடைசியில பார்த்தா வேற எங்கயோ கிடக்கு."

அறை எழுந்து நின்றது. நிஜமாகவே எழுந்து நின்றது. முன்னோர் முன்னால் உட்கார யாருக்கும் தைரியம் வரவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அமைச்சர் நாடாவைத் தொடப் போனார்.

"கையை எடுங்க சார்" என்றார் பதிவறை அம்மா. "நான்தான் அவிழ்க்கணும்."

அவிழ்த்தார். மஞ்சளித்துப்போன ஒரே ஒரு தாள். அதை வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசைய மனத்துக்குள்ளே படித்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கத்தைப் படித்தார்.

"சொல்லுங்கம்மா!" அமைச்சர் எட்டிப் பார்த்தார். "வெச்சுக்கணும்னு இருக்கா, ஒழிக்கணும்னு இருக்கா?"

பதிவறை அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ரெண்டும் இல்லீங்க சார். 'இது குழந்தைங்க வார்டு கூரைக்கு ஒதுக்கின பணம். மேஸ்திரி தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கார், திங்கக்கிழமை வந்ததும் கொடுத்துடணும், அதுவரைக்கும் இருப்புல இருக்கட்டும்'னு எழுதியிருக்கு."